வெள்ளையாக மாறிய கல்யாண மோதிரம்

மாதனூரிலிருந்து ஆம்பூருக்கு ஷூ கம்பெனி வேலைக்குப் போய்வந்த காலம் அது. மகளுக்குக் காய்ச்சல் பார்க்கும்போது தெர்மாமீட்டர் கைதவறி உடைந்தது. சிதறிய பாதரசத்தை விரலாலேயே கூட்டி எடுத்தேன். அது பட்டு என் தங்கக் கல்யாண மோதிரத்தின் ஒரு பக்கம் வெள்ளையாகிவிட்டது.

அப்போது வெள்ளைத் தங்கத்தின் மேல் எல்லோருக்கும் ஆசை. மீதி இடத்திலும் பாதரசத்தை நானே தேய்த்துவிட்டேன். "எங்கடி வாங்கின?" என்று கம்பெனி பஸ்ஸில் தோழிகள் கேட்டபோது பெருமையாக இருந்தது. அந்தக் கையாலேயே மகளுக்குச் சோறும் ஊட்டினேன்.

நான்கு நாளில் மோதிரம் விரிசல் விட்டது. பற்றவைக்கச் சொல்லிப் பத்தரிடம் நீட்டினேன். அவர் தொடவே இல்லை.

"இன்னாம்மா, பாதரசம் தேச்சியா? நெருப்புல காட்டினா வர்ற புகையே விஷம். வூட்ல கொழந்தைங்க இருக்கா?" என்றார்.

உடனே வீட்டுக்கு ஓடினேன். மகளை டாக்டரிடம் தூக்கிச் சென்றேன். "கொழந்தைக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று அவர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. மோதிரம் வீணானதைக் கணவர் பொருட்படுத்தவில்லை. மகளைத்தான் அன்று முழுக்க மடியைவிட்டு இறக்கவில்லை.

இப்போது பாதரசத் தெர்மாமீட்டரை நான் வீட்டுக்குள் விடுவதில்லை. நகையில் சின்ன மாற்றம் என்றாலும் பத்தரைக் கேட்காமல் கை வைப்பதும் இல்லை.

- எஸ்தர், மாதனூர்