பொருட்காட்சியில் ஓட்டிப் பழகிய வண்டி

சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் கன்னியர் மடத்து ஹாஸ்டல் ஒன்றில் சமையலுக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு நான் போய்ப் பார்த்தது ஒரு மே மாதத்தின் முதல் வாரம். இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். பொறுப்பில் இருந்த சிஸ்டர் என் சமையலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் மாதா கோயில் திருவிழா விருந்துக்கு நான் ஆக்கிய சாம்பாரை அவர்களே சாப்பிட்டிருக்கிறார்களாம். கேட்டது வேறு.

“ஜூன்ல பிள்ளைங்க வந்துருவாங்க. காலையில அஞ்சரைக்கு நீங்க அடுப்படியில நிக்கணும். எப்படி வருவீங்க?”

எங்கள் வீடு இருக்கிற நாகல் நகரில் இருந்து அந்த நேரத்துக்குப் போய்ச் சேருகிற மாதிரி பஸ் கிடையாது. என் வீட்டுக்காரருக்கு நூல் மில்லில் இரவு ஷிப்ட். ஏழு மணிக்கு மேல்தான் மில் பஸ்ஸில் வந்து இறங்குவார். அவருடைய மொபெட் மட்டும் வாசலில் சும்மா நிற்கும். வண்டியில் வந்துவிடுவேன் சிஸ்டர், பழகிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். பழகிக்கொண்டிருந்தது உண்மைதான். மூன்று வருடமாகப் பழகிக்கொண்டிருக்கிறேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஒன்றாம் தேதி வரமுடியவில்லை என்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்றார் சிஸ்டர். கோபமாகச் சொல்லவில்லை. எண்பது பிள்ளைகளைப் பட்டினி போட முடியாதில்லையா.

எனக்கு அந்த வேலை வேண்டும். மில்லில் அவருக்கு வேலை நாள் குறைந்துகொண்டே வந்தது, மகள் பதினொன்றாம் வகுப்புக்குப் போகிறாள், அதெல்லாம் உண்டு. அதற்கு மேல் எனக்கே ஒரு ஆசை. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். இந்த ஊரில் என்னை யாரும் எதற்கும் தேடியதில்லை. முதல் தடவையாக ஒரு இடத்தில் என் கை வேண்டும் என்கிறார்கள்.

வண்டி ஓட்டுவதில் என் கோளாறு என்னவென்றால், மைதானத்தில் நன்றாகவே ஓட்டுவேன். வட்டம் அடிப்பேன், எட்டுப் போடுவேன். ரோட்டில் ஏறி, பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தால் தீர்ந்தது. இரண்டு காலும் தானாகத் தரையில் ஊன்றிக்கொள்ளும். நடு ரோட்டில் அப்படியே நின்றுவிடுவேன். திரும்பிப் பார்த்தால் தலையோடு சேர்ந்து ஹேண்டில்பாரும் திரும்பும். ஒரு தடவை செம்பட்டி ரோட்டில் லாரி ஒன்று என் முதுகுக்குப் பின்னால் வந்து கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் இறங்கி வந்து பேசிய பேச்சை எழுத முடியாது. அன்று இரவு ஷிப்ட்டுக்குக் கிளம்பும்போது என் வீட்டுக்காரர் சொன்னது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

“ஏன்டி, உனக்கு வண்டி எதுக்கு? காலை ஊனி ஊனிப் போறதுக்குப் பேசாம நடந்தே போயிரலாம்ல.”

அந்த மாதம் ஊரில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். ராட்டினம், டெல்லி அப்பளம், மரணக் கிணறு என்று வழக்கமானதெல்லாம் இருந்தது. மகள் இழுத்துக்கொண்டு போனாள். கடைசி வரிசையில் தகரம் அடைத்த ஒரு ஸ்டால். ‘வர்ச்சுவல் ரியாலிட்டி பைக் ரேஸ், மூன்றே நிமிடம்’ என்று போர்டு. உள்ளே ஒரு பைக்கை, சக்கரம் இல்லாமல், இரும்பு ஸ்டாண்டில் முடுக்கி வைத்திருந்தார்கள். ஏறி உட்கார்ந்ததும் தலையில் ஒரு கனத்த ஹெல்மெட்டை மாட்டுவார்கள். அதன் பின்னாலிருந்து வயர்கள் கொத்தாகக் கம்ப்யூட்டருக்குப் போகும். கண்ணுக்கு முன்னால் இரண்டு சின்னத் திரை. அதில் ரோடு தெரியும். தலையைத் திருப்பினால் ரோடும் திரும்பும், பின்னால் வருகிறவன்கூடத் தெரிவான்.

ஸ்டாலை நடத்தியவர் ஈரோட்டுப் பக்கத்துக்காரர். நாற்பது வயது இருக்கும், வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போடுவார். மகள் ஆடி முடித்ததும் அவர் என்னைப் பார்த்து, “நீங்களும் ஏறுங்கக்கா, ஒண்ணும் பண்ணாது” என்றார். எனக்கு வெட்கம். சேலையோடு, தலையில் பூவோடு. ஹெல்மெட் போட்டால் பூ கசங்கும் என்று சாக்குச் சொல்லிப் பார்த்தேன். மகள் பூவை எடுத்துத் தன் கொண்டையில் வைத்துக்கொண்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு ஏறினேன்.

ரோடு என்னமோ பட்டாசுப் பெட்டியில் வரைந்த மாதிரிதான் இருந்தது. மரமெல்லாம் முட்டைக்கோசை நிறுத்தி வைத்தது போல. ஆனாலும் ஓடத் தொடங்கியதும் நிஜ ரோடு என்றே நினைத்துவிட்டேன். நான் இடது ஓரமாகவே போனேன். வளைவு வந்தால் வலது கையை நீட்டி சிக்னல் காட்டினேன். என்னைத் தாண்டப் போகிறவனுக்கு வழிவிட்டேன். வெளியே கூட்டம் சிரிப்பது ஹெல்மெட்டுக்குள்ளேயே கேட்டது.

“ஏனுங்கக்கா, இது ரேஸுங்க. முந்தோணும்” என்றார் அவர்.

அப்போதுதான் பின்னால் ஒரு ஹாரன். காதுக்குள்ளேயே அடித்தது. என் இரண்டு காலும் கீழே இறங்கி ஸ்டால் பலகையில் ஊன்றிக்கொண்டது.

வண்டி நிற்கவில்லை.

அந்த மிஷினுக்குக் கால் என்று ஒன்று இருப்பதே தெரியாது. என் கால் தரையில் இருக்கிறது, ரோடு பாட்டுக்கு ஓடுகிறது. நான் பலகையை அழுத்தி மிதிக்கிறேன், அது இன்னும் வேகமாக வருவது போல இருக்கிறது. வேறு வழியில்லாமல் கையால் பிடித்துத்தான் ஓட்ட வேண்டியிருந்தது. ஹாரன் அடித்தவன் என்னை உரசிக்கொண்டு தாண்டிப் போனான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் முதுகைப் பார்த்தேன். மூன்று வருடத்தில் என்னைத் தாண்டிப் போகிற வண்டி ஒன்றை நான் ஓட்டிக்கொண்டே பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் தனியாகப் போனேன்.

நாலு மணிக்குத்தான் பொருட்காட்சியைத் திறப்பார்கள். வெயிலில் அந்த நேரத்துக்கு இரண்டு மூன்று பேருக்கு மேல் வரமாட்டார்கள். ஒரு ஆட்டம் அல்லது இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு, கோயிலில் சாயங்கால மாதா வணக்கத்துக்கு நேரத்துக்கு வந்துவிடுவேன். ஜெபமாலையில் ஒரு பத்து மணி சொல்லி முடிக்கிற நேரம்தான் அந்த ஆட்டம். மாதாவுக்கென்று வைத்த மே மாதத்தில் இப்படி விளையாடித் திரிகிறோமே என்று உறுத்தத்தான் செய்தது. மாதாவிடமே சொன்னேன். நான் எதற்குப் போகிறேன் என்று உனக்குத் தெரியும் தாயே என்று சொல்லிவிட்டேன். அதோடு உறுத்தல் போய்விட்டது.

இந்த மூன்று நிமிடத்துக்கு மற்றவர்கள் எதற்கு வருகிறார்கள் என்று காத்திருக்கும்போது பார்ப்பேன். புது மாப்பிள்ளை ஒருத்தர் மச்சானை ஜெயித்துக் காட்டுவதற்காகவே மூன்று நாள் வந்தார். செம்பட்டிப் பக்கம் தக்காளி போடுகிற பெரியவர் ஒருத்தர், மடித்துக் கட்டின வேட்டியோடு ஏறி, கண்மண் தெரியாமல் முறுக்குவார். முதல் வளைவிலேயே பள்ளத்தில் விழுவார். விழுந்ததும் அப்படி ஒரு சிரிப்பு. மறுபடி முறுக்குவார். ஏன் இப்படி விழுந்துகொண்டே இருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

“வெளியில விழுந்தா எந்திரிக்க ஒரு போகம் ஆகுதும்மா. இங்க விழுந்த கையோட எந்திரிச்சிர்றேன்ல. அதுக்குத்தான் வாரேன்.”

தக்காளி விலை அந்த வருடம் ரோட்டில் கொட்டுகிற விலை. வெளியே செய்ய முடியாத ஏதோ ஒன்று ஒவ்வொருவருக்கும் இருக்கிறது, அதை மூன்று நிமிடம் செய்து பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று தோன்றியது. மாப்பிள்ளைக்கு ஜெயிப்பது. பெரியவருக்கு எழுந்திருப்பது. எனக்கு, நிற்காமல் போவது.

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, கால் இறங்குவது நின்றுவிட்டது. ஆனால் திரும்பிப் பார்ப்பது மட்டும் வரவில்லை. தலையைத் திருப்பினால் கையும் கூடவே போகும் என்ற பயத்தில் கழுத்தை விறைத்துக்கொண்டே ஓட்டினேன். ஈரோட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

“ஏனுங்கக்கா, இத்தன நாளா ஒருக்காக்கூட நீங்க விழவே இல்லீங்களே. இன்னைக்கு விழுந்து பாருங்க. தலை வேற, கை வேறங்க. திரும்பிப் பாருங்க, விழுந்தா விழட்டும்.”

திரும்பினேன். கையும் திரும்பியது. ரோடு சாய்ந்து, முட்டைக்கோசு மரம் மூஞ்சிக்கு நேரே வந்து, திரை கறுத்துப்போனது. கத்திவிட்டேன். இரண்டு நொடியில் பழைய ரோடு மறுபடி முன்னால் விரிந்தது. முட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சிரிப்பு வந்தது. இதற்கா இவ்வளவு நாள்? அன்றைக்கு நான் எத்தனை தடவை விழுந்தேன் என்று எண்ணவில்லை. இரண்டாவது ஆட்டத்தின் கடைசியில், பின்னால் வந்தவனைத் திரும்பி நன்றாகப் பார்த்தேன். என் கை அது பாட்டுக்கு நேராக இருந்தது.

மே கடைசி வாரம். ஷிப்ட் முடிந்து வந்தவரை, காப்பி குடித்த கையோடு வண்டியில் பின்னால் ஏறச் சொன்னேன். தூக்கம் சொக்கும் கண்ணோடு என்னை ஏற இறங்கப் பார்த்தார். மதுரை ரோட்டில் நான் ஓட்டப்போகிறேன் என்றதும் தூக்கம் கலைந்துவிட்டது. ஊரைத் தாண்டி ஒரு மைல் போயிருப்போம். பின்னால் மதுரை பஸ் ஹாரன் அடித்தது. திரும்பிப் பார்த்தேன், ஓரம் எடுத்தேன், ஓட்டிக்கொண்டே இருந்தேன். வண்டி மட்டும் எதிலோ இழுபட்டது. என்னவென்று பார்த்தால், பின்னால் உட்கார்ந்திருந்தவர் இரண்டு காலையும் ரோட்டில் ஊன்றித் தேய்த்துக்கொண்டு வருகிறார்.

“காலைத் தூக்கி வைங்க” என்றேன். “பஸ்ஸு உங்களையத் தேடியா வருது?”

பஸ் போய்விட்டது. அவருடைய ஒரு செருப்பின் வார் அறுந்திருந்தது. அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “எங்கடி பழகுன?” என்றார். பொருட்காட்சியில் என்று சொன்னேன். கேலி பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

எல்லாம் அந்த ஹெல்மெட் சொல்லிக் கொடுத்ததாக நான் சொல்லமாட்டேன். நிஜ ரோட்டில் மணல் இருக்கிறது, நாய் இருக்கிறது, எதிர்க்காற்று இருக்கிறது. மூன்றாவது நாளே மணலில் சறுக்கி விழுந்தேன். முட்டியில் தோல் உரிந்தது, ரத்தம் வந்தது. எரிச்சல் தாங்கவில்லை. ஆனால் எழுந்து, வண்டியை நிமிர்த்தி, மறுபடி நானே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். முன்பு என்றால் உருட்டிக்கொண்டு வந்திருப்பேன்.

ஒன்றாம் தேதி நாலரைக்கு எழுந்து ஜெபம் சொன்னேன். கறிவேப்பிலையும் அரிவாள்மனையும் பையில் போட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினேன். இருட்டு பிரியவில்லை. காய்கறி லாரிகள் வரிசையாக என்னைத் தாண்டிப் போயின. ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்தேன், ஒவ்வொன்றுக்கும் வழிவிட்டேன். ஒரு இடத்தில் நின்றுபோன மாட்டு வண்டி ஒன்றை நானே தாண்டினேன். ஹாரன் அடித்துத் தாண்டினேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

ஹாஸ்டல் வாசலில் டார்ச் லைட்டோடு சிஸ்டர் நின்றிருந்தார். என்னைத் தாண்டி ரோட்டைப் பார்த்தார்.

“யாரு கொண்டாந்து விட்டாங்க?”

“நானேதான் வந்தேன் சிஸ்டர்.”

அவர் கைக்கடிகாரத்தில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். அஞ்சே கால். உள்ளே கூட்டிப்போய் ஸ்டோர் ரூம் கதவைத் திறந்துவிட்டு, சாவியைத் தன் இடுப்பில் திரும்பச் செருகிக்கொள்ளாமல் என் உள்ளங்கையில் வைத்தார். இனி இது உங்களிடமே இருக்கட்டும் என்றார்.

அன்றைக்கு ரவை உப்புமா. பெரிய அடுப்பு இரண்டையும் பற்றவைத்து, கிளறக் கிளற எனக்குள் ஏதோ பொங்கிக்கொண்டே இருந்தது. உப்பு ஒரு கை கூடித்தான் போயிற்று. ஆனாலும் எண்பது பிள்ளைகளில் ஒரு பிள்ளைகூடத் தட்டில் மிச்சம் வைக்கவில்லை.