கழலாத சக்கரம்

சித்தப்பா குவாஹாட்டிக்கு மாற்றலாகிப் போன அன்று, அவரை வழியனுப்ப நாங்கள் புது தில்லி ஸ்டேஷனுக்குப் போவதாக இருந்தது. அதற்கு முன்பு வெகுகாலமாக அப்பா அவரோடு பேசவில்லை. கூட வேலை பார்த்த லக்னோ பெண்ணை அவர் கல்யாணம் செய்துகொண்டதுதான் காரணம். ஆர்.கே. புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு அடுத்த தெருவில்தான் குடியிருந்தார்கள். மார்க்கெட்டில் தம்பி எதிரே வந்தால் அப்பா கத்தரிக்காய்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். நான் மட்டும் பள்ளி விட்டதும் சித்தியிடம் போய்ப் பட்டாணி பரோட்டா தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன்.

கிளம்புவதற்கு முதல் நாள் சித்தப்பா போன் செய்தார். அம்மாதான் பேசினாள்.

"அண்ணன் ஸ்டேஷனுக்கு வந்தா போதும், வேற ஒண்ணும் வேண்டாம்னு சொல்றாரு."

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். "கார்லயே போயிடலாம்னு சொல்லு" என்றார். அம்மா உடனே புளிக்காய்ச்சலுக்குப் புளியை ஊறப்போட்டாள்.

மறுநாள் காலை புளியோதரை டப்பாவோடு இறங்கி வந்தோம். மழைக்காலம் முழுக்க வேப்பமரத்தடியில் நின்றிருந்த எங்கள் பழைய காரின் பின்சக்கரம் ஒன்று காற்றிறங்கிக் கிடந்தது. அப்பா ஜாக்கி வைத்துத் தூக்கினார். நட்டுகள் எல்லாம் கழன்றன. சக்கரம் மட்டும் வரவில்லை. துரு அதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது. இழுத்தார், ஆட்டினார், கட்டையை வைத்துச் சுத்தியலால் தட்டினார். இஸ்திரி போட்ட சட்டையெல்லாம் சிவப்புத் தூள்.

கீழ்வீட்டு சர்தார்ஜி வெளியே வந்து பார்த்தார். "ஆட்டோ லே லோ, பாயி சாப். ட்ரெயின் போயிடும்" என்று, பாதி இந்தியும் பாதி எங்களிடம் கற்ற தமிழுமாகச் சொன்னார்.

"மெயின் ரோட்டுல நிக்குது. நான் போய்க் கூட்டிட்டு வரேங்க" என்றாள் அம்மா.

"கார்ல வரேன்னு சொல்லியாச்சு. இரு, இதோ வந்துடும்."

கொஞ்ச நேரம் கழித்து அம்மா மறுபடி கேட்டாள். அதே பதில். பிறகு அவள் கடிகாரத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

ரயில் நேரம் தாண்டிய பிறகு அப்பா நட்டுகளைத் தளர்வாகத் திரும்ப மாட்டினார். ஜாக்கியை இறக்கி, காரை முன்னும் பின்னும் தள்ளினார். டக்கென்று ஒரு சத்தம். மறுபடி தூக்கி நட்டுகளை எடுத்ததும் சக்கரம் சுலபமாகக் கையோடு வந்துவிட்டது. ஸ்டெப்னியை அவர் எடுக்கவில்லை. கழன்ற சக்கரத்தைத் தரையில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் சந்திக்கவில்லை. சித்தப்பாவின் காரியத்துக்குத்தான் அப்பா குவாஹாட்டி போனார். கூடப் போன என்னிடம் சித்தி சொன்னாள்: அன்று வண்டி நகர்ந்து, பிளாட்பாரம் முடிந்த பிறகும் சித்தப்பா ரயில் கதவருகே எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றாராம்.

அதெல்லாம் பின்னால் வந்த கதை. அன்று வேப்பமரத்தடியில் அப்பா எழுந்து, யாரையும் பார்க்காமல் மாடியேறிப் போனார். அவரைப் போகவிடாமல் செய்தது அந்தச் சக்கரம்தான் என்று நான் முழுதாக நம்பினேன். அவர் தலை மறைந்ததும் போய், என் பலம் கொண்ட மட்டும் அதை ஓர் உதை உதைத்தேன்.