அத்தான் சொல்லாத பதில்

என் அக்காவின் கணவர் கல்லூரியில் மதங்களை ஒப்பிட்டுப் பாடம் நடத்தினார். எந்த மதம் உசத்தி என்று பார்க்கிற வேலை இல்லை அது. ஒரே விஷயத்தை ஒவ்வொரு மதமும் எப்படிச் சொல்கிறது என்று அருகருகே வைத்துப் பார்க்கிற வேலை. அத்தான் அதில் ஒரு சட்டம் வைத்திருந்தார். தன் நம்பிக்கை என்னவென்று வகுப்பில் யாருக்கும் தெரியக்கூடாது. 'இப்படி நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்' என்பதோடு நிறுத்திக்கொள்வார். மாணவர்கள் அவர் வாயைக் கிளறிப் பார்த்துத் தோற்றுப்போனார்கள். அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

செருப்போடு சேர்த்து அந்தச் சட்டத்தையும் வீட்டு வாசலில் கழற்றிப் போட அவருக்குத் தெரியவில்லை. உப்பு சரியா இருக்கா என்று அக்கா கேட்டால்கூட, "சில பேருக்கு இது போதும்" என்பார். அக்கா சிரிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் எரிந்துபோன மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். ஓடுது, ஓடல, இரண்டே பதில்தான் எனக்குத் தெரியும்.

இறந்தபின் என்ன ஆகிறோம் என்பது பற்றித் தலையணை மொத்தத்துக்கு ஒரு புத்தகம் எழுதினார். பாதி ஆயுள் அதில் போயிற்று. அவருடைய கோழிக்கிறுக்கலைப் புரிந்துகொண்டு முழுவதையும் டைப் அடித்தவள் அக்கா. புத்தகம் வந்தது, நூலகங்களில் தூசி படிந்தது. படிக்க ஆள் வருவதில்லை என்று கல்லூரியில் அந்தத் துறையையே மூடிவிட்டார்கள். அவர் அறையில் கணக்குப் பிரிவு வந்து உட்கார்ந்துகொண்டது. புத்தக மூட்டைகள் வீட்டுக்கு வந்து, குளியலறை வாசல்வரை அடைத்துக்கொண்டன. அதற்கும், "சில பேருக்கு இது வேண்டியதில்லை" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

அடுத்து அக்காவுக்குக் கணையத்தில் புற்றுநோய். டாக்டர் கையை விரித்துவிட்டார்.

ஒரு மதியம் ஆஸ்பத்திரியில் நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். அக்கா அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"நான் போனதுக்கப்புறம் நாம மறுபடி பாத்துப்போமா?"

அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாடம் ஆரம்பிப்பதற்கு முன் அவர் செய்வது அது.

"இதுக்குப் பல விதமா பதில் இருக்கு," என்றார். "திரும்பப் பிறப்போம்னு நம்புறவங்க ஒரு பக்கம். ஒருநாள் எல்லாரையும் எழுப்புவாங்கன்னு நம்புறவங்க..."

"அதெல்லாம் நான்தானே டைப் அடிச்சேன்," என்றாள் அக்கா. "நீங்க என்ன நினைக்கிறீங்க?"

அவர் மறுபடியும் துடைத்தார். அக்கா கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். "சரி, விடுங்க. போய்ச் சாப்பிடுங்க," என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் அவரை வெளியே இழுத்து வந்தேன். "ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க? தெரியாததைச் சொல்லவே மாட்டீங்கன்னு அவளுக்குத் தெரியும். நீங்க சொல்லியிருந்தா அப்படியே நம்பியிருப்பா."

அவர் தரையைப் பார்த்தார். "நாளைக்குச் சொல்றேன்," என்றார்.

மறுநாள் அக்காவுக்கு நினைவு தப்பிவிட்டது. அத்தான் அவள் காதோரம் குனிந்து, "பாத்துப்போம், கண்டிப்பா பாத்துப்போம்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். படுக்கை விரிப்பு மாற்ற வந்த நர்ஸ் ஓரமாகக் காத்திருந்தாள். அக்கா கண் திறக்காமலே போய்விட்டாள். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

எல்லாம் முடிந்து, துக்கத்துக்கு வந்தவர்கள் கலைந்தபிறகு, புத்தக மூட்டைகளுக்கு நடுவில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருந்தோம்.

"அவளுக்கு அன்னைக்கே புரிஞ்சிருக்கும்," என்றார். "செத்தா அதோட முடிஞ்சுதுன்னுதான் நான் நினைக்கிறேன். ரொம்ப வருஷமாவே. அதை அவ முகத்தைப் பாத்துச் சொல்ல முடியல. பொய்யும் வரல. அதான் பாடம் நடத்தினேன்."

அந்தச் சட்டத்துக்குள் இத்தனை காலம் அவர் ஒளித்து வைத்திருந்தது அவ்வளவுதான். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கு ஏங்கி ஏங்கி அழுதார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ சொல்லு. அவளை நான் பாப்பேனா?"

நான் யோசிக்கவே இல்லை. "கண்டிப்பா பாப்பீங்க, அத்தான்."

அவர் கையை விட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்படி நம்புறவங்களும் இருக்காங்க," என்றார்.