அரவேணுவில் வெள்ளை பூத்த சுவர்

காலை ஏழரைக்கு மேட்டுப்பாளையத்தில் கோத்தகிரி பேருந்து ஏறினேன். மடியில் ஐந்து லிட்டர் நானோ சிலிக்கா கேன். பழங்கல்லின் நுண்துளைகளுக்குள் புகுந்து உதிர்வதை நிறுத்தும், மழைநீரை வெளியே தள்ளும். அதை விற்றுப் பூசுவது என் பிழைப்பு. இதுவரை பூசியதெல்லாம் கோவை வெயிலில்தான்.

"ஏனுங்க, அது பெட்ரோலா?" என்றார் நடத்துநர்.

"கல்லுக்கு மருந்துங்க."

"கல்லுக்குமா?" என்று பேருந்துக்கே கேட்கும்படி சொன்னார்.

ஒன்பதரைக்கு அரவேணு. அங்கிருந்து எஸ்டேட் ஜீப்பில் மூன்று கிலோமீட்டர். தேயிலை விலை விழுந்ததில் ஃபேக்டரி வாரம் இரண்டு நாள்தான் ஓடுகிறது. முதலாளி நடராஜன் தோட்டத்துப் பழைய கல் பங்களாவைப் பயணிகளுக்கு வாடகைக்கு விட நினைக்கிறார். சுவரோ தொட்டால் மணலாக உதிர்கிறது.

"இது நின்னா ஆறு பேருக்கு வேலைங்க. இல்லீன்னா பூட்டிப்போட வேண்டியதுதான்" என்றார்.

அந்த ஆறு பேரில் ஒருவர் ராக்கம்மா. சிறுமியாக இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர். ஃபேக்டரியில், பறித்த கொழுந்தை ஈரம் போக விசிறிக்காற்றில் வாட்டுகிறவர். பங்களா பூட்டினால் மகள் வேலை பார்க்கும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போக வேண்டும்.

பதினோரு மணிக்கு நல்ல வெயில். சுவர் காய்ந்துவிட்டதென்று கண்ணாலேயே தீர்ப்பு சொல்லி, வாசல் பக்கம் ஒரு கஜம் பூசினேன். பன்னிரண்டுக்கு அந்த இடம் முழுக்க வெள்ளை பூத்து, கல் விபூதி பூசிக்கொண்டு நின்றது. ஒளிய இடம் தேடினேன். கோழிக்கூடு ஒன்றுதான் இருந்தது. என் உடம்புக்கு அது காணாது.

ராக்கம்மா உள்ளங்கையைக் கல்லில் அழுத்தினார்.

"வாடவே இல்லையே சார். மேலாக்க காஞ்சிருக்கு, உள்ளுக்குப் பச்சை. இப்படிக் கொழுந்தை அனுப்பினா எங்களை வெரட்டிருவாங்க."

"முதலாளிகிட்ட சொல்லிடாதீங்க."

"அவர் ஒங்க பின்னாலதான் நிக்கிறார்."

ஈரக்கல்லில் இறங்காமல் மேலேயே தங்கிய பூச்சு இறுகுமுன் ஸ்பிரிட் துணியால் துடைத்தெடுத்தோம். கூரைநீர் சுவரில் வழியாதபடி தகரம் வைத்தோம், மேலே தார்ப்பாய். ஃபேக்டரியில் சும்மா கிடந்த விசிறியைக் கொண்டுவந்து சுவருக்குத் திருப்பினார் ராக்கம்மா. ஒரு நாள் வேலையென்று மாற்றுத்துணி இல்லாமல் வந்தவன், நடராஜனின் லுங்கியில் அத்தனை நாளும் வளைய வந்தேன். சோறு அருமை. தினம் காலை நான் சுவரைப் பார்ப்பேன். ராக்கம்மா தொட்டுவிட்டுத் தலையாட்டுவார். ஐந்தாம் நாள்தான், "இப்ப வாடிருச்சு, பூசுங்க" என்றார்.

மறுநாள் மாலை நடராஜன் ஒரு செம்பு நீரைச் சுவரில் வீசினார். கல் நிறம் மாறவில்லை. நீர் முத்து முத்தாக உருண்டு விழுந்தது. ராக்கம்மா அழுத்தித் தேய்த்துக் கையை விரித்தார். ஒரு பொடி மணல் இல்லை.

"மத்த சுவரெல்லாம் போட்டுருங்க. ஆனா என்னைக்குப் பூசறதுன்னு இவங்கதான் சொல்லோணும்" என்றார் நடராஜன், ராக்கம்மாவைக் காட்டி.

ஜீப் கிளம்பும்போது ராக்கம்மா மகளிடம் செல்பேசியில் பேசிக்கொண்டிருந்தார்.

"திருப்பூர்ல ரூம் பாக்க வேணாம் புள்ள. இங்க இன்னும் மூணு சுவர் காயணும்."