பாதி மை

பரிபூரணம் அக்காவின் வலது கைக் கட்டைவிரல் நீலமாக இருக்கும். அது பிறவியிலேயே அப்படித்தான் என்று ராஜபாளையத்தில் பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர், அடுத்தவர் பேனாவில் திருடிய மை என்றார்கள்.

அக்காவுக்குச் சொந்த ஊர் தளவாய்புரம். ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்து, பிள்ளைகளின் பேனா கக்கிய மையைப் பெஞ்சு பெஞ்சாகத் துடைத்தவர். துடைத்ததைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு கண்மாய் நிரம்பியிருக்கும். துடைப்பதைவிட அடைப்பது லேசு என்று ஒருநாள் தோன்றிவிட்டது. எண்பத்தி நாலில், பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் சுப்புராஜ் அண்ணாச்சியின் பேப்பர் கடை வாசலில் ஒரு மரப்பெட்டியோடு வந்து உட்கார்ந்தார். பக்கத்திலேயே என் பஞ்சர் கடை.

பேனாவின் கழுத்து மரையில் மை கசிந்தால் மெழுகைத் தேய்த்து இறுக்குவார். நிப்புக்கு அடியில் இருக்கிற கறுப்புக் கட்டை ஆடினால் வெந்நீரில் முக்கி அழுத்துவார். அவ்வளவுதான் வேலை. ஆனால் ஒருத்தரையும் நம்ப மாட்டார். "வீட்டுல போயி கழுத்த மாத்திட்டு, நான் மாத்திட்டேம்பாவ" என்று ஒவ்வொரு பேனாவின் கழுத்துக்குள்ளும் ஊசியால் சின்னதாக ஒரு சிலுவை கீறிவிடுவார்.

அவருக்குச் சரியான ஜோடியாக வந்தவர் வேதமணி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, இங்கே நூல் மில்லில் டைம் கீப்பர் வேலை பார்த்தார். கண்டக்டர் கொடுத்த டிக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற ஆள். அவரும் தன் நிப்பில் பிளேடால் ஒரு கோடு கீறித்தான் ரிப்பேருக்குக் கொடுப்பார்.

எண்பத்தேழு சித்திரையில் அவர் பேனா நாலு வாரத்தில் நாலு தடவை ஆஜர் நோட்டில் கக்கியது. கடைசித் தடவை ஒரு ஷிப்டு ஆட்களின் பேர் முழுக்க மையில் முங்கிச் செத்தது. வேதமணி கடை வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஏம்மா, நான் திரும்பத் திரும்ப வரணும்னு வேணும்னே லூசா விட்டுத்தான அனுப்புத?"

"மரையப் பாருங்க சார். எறும்பு காலு நுழையாது. மில்லுல கொண்டுபோயி நீங்க என்னத்தப் பண்ணுதியளோ."

"என்னத்தப் பண்ணுதேன்? எழுதுதேன்."

சுப்புராஜ் அண்ணாச்சியின் கடையிலிருந்துதான் மில்லுக்குப் பேப்பர் போனது. அவர் தலையை நீட்டி, "பரிபூரணம், சார் பேனா இன்னொரு தடவ கக்குச்சுன்னா பெட்டியத் தூக்கிக்கிட்டு வேற எடம் பாத்துக்கோ" என்றார்.

அன்று முழுக்க அக்கா எல்லோரையும் சந்தேகப்பட்டார். என்னையும்தான்.

"ஏலே மாரிசாமி, நான் டீ குடிக்கப் போகையில பெட்டியத் தொட்டியா?"

"தொட்டிருந்தா என் வெரலும் நீலமாயிருக்கும்லாக்கா."

மறுநாள் உச்சி வெயிலில், காற்றடித்து வெளியே போட்டிருந்த என் டியூப் ஒன்று வெடித்தது. சத்தம் செட்டியார்பட்டி வரைக்கும் கேட்டிருக்கும். "வெயில்ல காத்து வீங்கிருச்சுக்கா" என்றேன். அக்கா அந்த டியூபைக் கையும் களவுமாகப் பிடித்த திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

இரண்டு மணிக்கு ஷிப்டு முடிந்து வேதமணி வந்தார்.

"சார், என் கண்ணு முன்னால மை ஊத்துங்க."

வேதமணி ஊற்றினார். பாதியில் நிறுத்தினார்.

"ஏன் நிப்பாட்டிட்டிய?"

"நெறைய ஊத்துனா கக்கும்லா. ஊருக்கே தெரியும்."

"மீதிப் பாதியில என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"காத்து இருக்கு சார். சூட்டுல அது வீங்கி மையத் தள்ளுது."

காற்றையும் தனக்கு விற்கப் பார்க்கிறாள் என்பதுபோல் வேதமணி முறைத்தார். கடைசியில், சோதித்தே பார்த்துவிடலாம் என்று அண்ணாச்சி கடையிலிருந்து இரண்டு புதுப் பேனாக்களை அவரே பொறுக்கினார். ஒன்றில் நிறைய, ஒன்றில் பாதி என்று அவரே ஊற்றி, அவரே முறுக்கினார். அக்காவை நாலடி தள்ளி நிற்கச் சொன்னார். ஆனால் பிடிப்பதற்குத் தன் கையைத் தர மாட்டேன் என்றுவிட்டார். அண்ணாச்சி மாட்டிக்கொண்டார்.

நிறைந்த பேனா இடது கையில், பாதிப் பேனா வலது கையில். நிப்பு கீழே பார்க்க, மாடு கறக்கிறவர் மாதிரி இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தார். அக்கா இமைக்கவில்லை. பெட்டி இங்கே இருக்குமா, தெருவுக்குப் போகுமா என்பது அந்த இரண்டு நிப்புகளில் தொங்கிக்கொண்டிருந்தது.

வலது நிப்பில் மை உருண்டது. அண்ணாச்சியின் வெள்ளை வேட்டியில் பொட்டென்று விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

"தேவுடா" என்று வீட்டுத் தெலுங்கில் கடவுளைக் கூப்பிட்டார் அண்ணாச்சி.

இடது நிப்பு காய்ந்து கிடந்தது. அக்கா முன்னமே கை வைத்திருப்பாரோ என்று வேதமணி இரண்டு கழுத்தையும் கழற்றி, சிலுவை இருக்கிறதா என்று தேடினார். இல்லை.

"பேரே பரிபூரணம். அவியகிட்டப் பாதிய ஊத்திக்கிட்டு வந்தா கக்காம என்ன செய்யும்?" என்றேன் நான். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

அண்ணாச்சி வேட்டியைப் பார்த்துக்கொண்டே, "பெட்டி இங்கனயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு வேதமணி திங்கட்கிழமைதோறும் பெட்டி முன்னால் நின்று கழுத்துவரை மை ஊற்றிக்கொள்வார். வீட்டிலிருந்து கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்த சொந்த மை. அக்கா அந்தப் புட்டியை ஒருதரம் மோந்து பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் திறக்கவே விடுவார்.

மூன்றாவது வாரம் வேதமணி குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஏம்மா, இப்பம் கக்கவே மாட்டேங்குதே. உள்ள என்னத்த வச்சிருக்க?"