ஷீபா அக்கா சேர்த்துவைத்த மாட்டுக் குளம்பு

ஷீபா அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் தக்கலைப் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்திருந்தோம். முப்பத்துநான்கு வயது. செவிலியர் கல்லூரியில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல? நான் செய்த ஒரு கள்ளத்தனத்தை மட்டும் சொல்கிறேன்.

மீனவர்களின் ஆறாத கால்புண் பற்றி இதுவரை வந்த கட்டுரைகளையெல்லாம் திரட்டி, ஆய்வுக்கு எது தேறும், எது தேறாது என்று இரண்டு பேர் தனித்தனியே பிரிக்க வேண்டும். அக்காவின் முனைவர் பட்டமே அதை நம்பித்தான் இருந்தது. இரண்டாவது ஆளாக, இரண்டாம் ஆண்டு மாணவியான என்னைச் சேர்த்துக்கொண்டார். துணிச்சல்காரி.

இப்படிப் பிரிக்கும் வேலைக்கு ஒரு மென்பொருள் வேண்டும். அக்கா அறுபது கட்டுரைகளை அச்செடுத்து முதலில் கையாலேயே பிரித்தார். பிறகு எதை வைத்துக்கொள்ளலாம் என்று அறிய, அதே அறுபதை மூன்று மென்பொருள்களில் போட்டுப் பார்க்கத் தொடங்கினார்.

"சட்டை வாங்க மூணு கடை ஏறுவாங்க. நீங்க மூணு சட்டையயும் துவைச்சுப் பாத்துட்டுல்லா வாங்குதிய?" என்றேன்.

"சாயம் போவுமான்னு பாக்காண்டாமா?"

முதல் மென்பொருளில் அக்காவின் முடிவுகள் என் திரையிலும் தெரிந்தன. என் பெயர் அனி, வீட்டில் பட்டப்பெயர் சுட்டி. கணினிச் சுட்டியைப் பிடித்து அவர் முடிவுகள் அறுபதையும் சுட்டேன். எங்கள் முடிவுகள் அச்சு அசலாக ஒத்துப்போனதைப் பார்த்து அக்காவின் வழிகாட்டியான பேராசிரியருக்கு மகிழ்ச்சி. "இதையே வச்சுக்கலாம் ஷீபா" என்றார்.

அக்கா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஏட்டி, மீன்கறிக்கு மாங்காயா புளியான்னே நமக்கு ஒத்துப்போவாது. அறுவதும் எப்படி மக்கா ஒத்துப்போச்சு?"

"மனப்பொருத்தம் அக்கா."

"அப்போ இருபத்தேழாவதைத் திற."

திறந்தேன். மாட்டுக் குளம்பு நோய் பற்றிய கட்டுரை. வேண்டுமென்றே அதைத் தேறும் என்று குறித்து வைத்திருந்தார். நானும் பக்தியோடு அப்படியே குறித்திருந்தேன்.

அக்கா என்னை விலக்கவில்லை, மென்பொருளை விலக்கினார். "நீ பாத்தது தப்பு. ஆனா பாக்க விடுத சாமானம் நமக்கு ஆவாது. ஒரு நாள் எனக்கும் கை துறுதுறுக்கும்லா?"

தன்னையும் நம்பாத அந்த நேர்மையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. மூன்றில் பார்வைக்கு மோசமானதையே அவர் தேர்ந்தெடுத்தார். இருவரும் முடிக்கும்வரை ஒருவர் முடிவை மற்றவருக்கு அது காட்டாது.

கடைசி நாற்பது கட்டுரைகளை மருத்துவமனைக்குப் போகுமுன்பே அக்கா முடித்திருந்தார். அடக்கம் முடிந்த மறுவாரம் நான் என் பங்கை முடித்தேன். அவர் முடிவுகள் திறந்தன. ஒன்றே ஒன்றில் மட்டும் வேறுபட்டிருந்தோம். அதன் கீழே அவர் குறிப்பு: "இதுக்கு அனி சண்டைக்கு வருவா. வரட்டு."

வந்தேன் அக்கா. பேராசிரியர் தீர்ப்புச் சொல்லட்டும், நான் என் முடிவை மாற்றவில்லை. உங்களிடமிருந்து எனக்கென்று எடுத்து வைத்திருப்பது அந்த ஒரு சண்டைதான்.