ஓப்பா என்றால் வாப்பா இல்லை

மேலப்பாளையத்துத் தாவூதை ஊர் கூப்பிடாத முறை கிடையாது. அவனைப் பெற்ற உம்மா இருந்தவரைக்கும் ‘தாவூதே’ என்று மூன்று தெருவுக்குக் கேட்கக் கூப்பிட்டாள். பெண்டாட்டி ரைஹானத்துக்கு ‘மச்சான்’. ரைஹானத்தின் அண்ணன் மீராசாவுக்கு ‘மாப்பிள’. மீராசா பெற்ற இரண்டு பையன்களுக்கும் ‘மாமா’. தம்மாமில் குளிர்கிடங்கில் மீன்பெட்டி தூக்கிய காலமெல்லாம் அரபிக்காரன் வாயில் ‘ஸதீக்’. வேலைக்கு வந்த எல்லாருமே அங்கே ஸதீக்தான். சிநேகிதன், சேக்காளி என்று அர்த்தமாம். சேக்காளியை எந்த ஊரில் அப்படி வேலை வாங்குவார்கள் என்று தாவூது சொல்லிச் சிரிப்பான்.

இத்தனை பேர் இத்தனை விதமாகக் கூப்பிட்ட மனிதனைக் கூப்பிட வேண்டிய ஒருத்தி மட்டும் கூப்பிடவில்லை. அவள் அவனுடைய ஒரே மகள் அர்வா.

அர்வாவைக் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை. அவள் வயிற்றில் இருக்கும்போதே தாவூது விமானம் ஏறிவிட்டான். ரைஹானத் அண்ணன் வீட்டோடு இருந்தாள். மீராசாவுக்குக் கடைத்தெருவில் சைக்கிள் கடை. பொழுது அடைகிற நேரத்தில் அவன் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்டதும் அவன் பையன்கள் இரண்டும் ‘வாப்பா’ என்று ஓடும். நடை பழகின நாளிலிருந்து அர்வாவும் பின்னாலேயே ‘வாப்பா’ என்று ஓடினாள். மாமன் பிள்ளைகள் எதைச் சொன்னார்களோ அதைத்தான் பிள்ளை சொல்லிற்று.

மீராசா திருத்தாமல் இல்லை. “நான் ஒனக்கு மாமாளா. ஒங்க வாப்பா இந்தா பேசுதாரு பாரு” என்று தம்மாமிலிருந்து தாவூது கூப்பிடும்போது போனை அவள் காதில் வைப்பான். பிள்ளை போனை உற்றுப் பார்த்துவிட்டு, “இது போனு” என்று சொல்லும். அந்தப் பக்கம் தாவூதும் சிரிப்பான், இந்தப் பக்கம் இவர்களும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் தாவூது ஊரில் மழை உண்டா என்று கேட்பான்.

தெருவில் வாய் சும்மா இருக்குமா? “மாமனை வாப்பாங்குதா. அப்போ மாமன் மவன் அண்ணனாயிருவான். கைக்குள்ள இருக்க சம்பந்தம் போச்சே ரைஹானத்து” என்றார்கள். மீராசா அதையும் கேட்டுக்கொண்டு பிள்ளையைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்துப் பாளையங்கால்வாய் ஓரமாகக் கூட்டிப்போனான். தாவூது விடுப்பில் வரும்போதெல்லாம் அர்வா உம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்று அவனைப் பார்ப்பாள். மெல்லப் பழகி மடியில் வந்து உட்காருகிற நேரத்தில் அவனுடைய விடுப்பு முடிந்துவிடும்.

மூன்று வருசத்துக்கு முன்னால் மீராசா கடைப்பலகையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. அவனைக் கொண்டுபோய் மையவாடியில் அடக்கம் பண்ணின அன்றோடு அர்வா வாயிலிருந்து அந்தச் சொல்லும் போயிற்று.

இப்போது தாவூது ஒரேயடியாக ஊருக்கு வந்து மீராசாவின் வீட்டிலேயே இருக்கிறான். அர்வா பாளையங்கோட்டையில் காலேஜ் படிக்கிறாள். மரியாதைக்குக் குறைவில்லை. அவன் சட்டையைத் துவைத்து மடித்து வைக்கிறாள். பேச்சுத்தான் தலையில்லாத பேச்சு. “சாயா வச்சிருக்கு.” “சாப்பிடக் கூப்பிடுதாங்க.” யாரிடம் சொல்கிறாள் என்பது அவள் பார்க்கிற திசையை வைத்துத்தான் தெரியும்.

ரைஹானத்துக்கு மனது ஆறவில்லை. “நான் சொல்லுதேன் மச்சான் அவகிட்ட. பெத்த வாப்பாவ வாப்பான்னு கூப்பிட என்ன கொறச்சலாம்?”

“வாயத் தொறந்திராத. சொல்லிக் குடுத்துக் கூப்பிட்டா அது பாடம்ளா. கூப்பாடு இல்ல” என்றுவிட்டான் தாவூது.

அந்த வீட்டில் மத்தியானத்துக்கு மேல் பீடி சுற்று நடக்கும். மீராசாவின் பெண்டாட்டி மைதீன் பாத்திமா, ரைஹானத், பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர், ஆளுக்கொரு சுளகை மடியில் வைத்துக்கொண்டு பின்கட்டில் உட்காருவார்கள். அர்வா காலேஜ் விட்டு வந்ததும் தண்ணீர்க்குடத்தில் செல்போனைச் சாய்த்துவைத்துக் கொரியா நாடகம் போடுவாள். பள்ளிக்கூட நாடகம். கீழே ஓடுகிற இங்கிலீஷைப் படித்து இவள் தமிழில் சொல்லவேண்டும். இவள் வாயில் வரும்போது கொரியாப் பிள்ளைகள் எல்லாம் மேலப்பாளையத்துப் பேச்சே பேசும்.

தினமும் பிந்தி வருகிற ஆறேழு பிள்ளைகள் கதை அது. எட்மாஸ்டர் அவர்களை வாசலிலேயே நிறுத்திக் கக்கூஸ் கழுவ விடுகிறார். ஒருநாள் பிள்ளைகள் சேர்ந்து வாசல் கேட்டின் சாவியைக் களவாண்டு பூட்டிவிட்டுப் போக, மறுநாள் எட்மாஸ்டரே வெளியே நின்றார். சுவரேறிக் குதித்ததில் அவருடைய டோப்பா மரக்கிளையில் மாட்டிக்கொண்டது. ஒரு காக்கை வந்து அதில் உட்கார்ந்தது. பெண்கள் சிரித்த சிரிப்பில் சுளகிலிருந்த புகையிலைத் தூளெல்லாம் பறந்தது.

அந்தப் பிள்ளைகளில் குட்டையான ஒருத்தி உண்டு. நெட்டையான பையன் பின்னாலேயே ஓடுவாள். அவனை அவள் கூப்பிடுகிற கூப்பாடுதான் தாவூதுக்கு வினையாக வந்தது.

முதல்நாள் தாவூது அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்துகொண்டிருந்தான். உள்ளேயிருந்து, “ஓப்பா! ஓப்பா!” என்று சின்னப்பெண் குரல். பாதிக் காலைக் கழுவினவன் மீதியைக் கழுவாமல் ஈரத்தோடு ஓடிவந்தான்.

“என்னம்மா, கூப்பிட்டியா?”

அர்வா அப்போது தனியாகத்தான் இருந்தாள். செல்போனிலிருந்து தலையைத் தூக்கி, “இல்லியே” என்றாள்.

தண்ணீரில் காது அடைத்துவிட்டது என்று தாவூது சமாதானம் பண்ணிக்கொண்டு திரும்பவும் முதலிலிருந்து ஒளு செய்தான். இரண்டாம் தடவை கடையிலிருந்து வரும்போது வாசல்படியிலேயே கேட்டது. “இந்தா வந்துட்டேன்” என்றான். மூன்றாம் தடவை பின்கட்டில் பெண்கள் எல்லாரும் இருந்தார்கள். குட்டைப் பெண் நீட்டி முழக்கி, “ஓப்பாஆ!” என்றாள். திரைச்சீலையை விலக்கிக்கொண்டு தாவூது, “சொல்லும்மா!” என்று தலையை நீட்டினான்.

மைதீன் பாத்திமாவுக்கு முதலில் விளங்கிவிட்டது. அவள் தாவூதுக்கு மூத்தவள், ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவாள். “ஏளா ரைஹானத்து, தம்பிக்குக் கொரியாவில ஒரு மவ இருக்கா போலயே! அங்கயிருந்துல்லா கூப்பிடுதா” என்றாள்.

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். தாவூதும் சிரித்துவைத்தான்.

“ஓப்பான்னா வாப்பா இல்ல. அண்ணன்” என்றாள் அர்வா, செல்போனைப் பார்த்தபடியே. “கொரியாக்காரங்க வாப்பாவ ‘அப்பா’ன்னுதான் சொல்லுவாங்க. கூடப்பெறந்த அண்ணன் ஓப்பா. அப்புறம், புடிச்ச பையனையும் ஓப்பாம்பாங்க.”

“அண்ணனும் அவன்தான், மச்சானும் அவன்தானா?” பக்கத்து வீட்டுக்காரி சுற்றிக்கொண்டிருந்த பீடியைக் கீழே போட்டுவிட்டாள். “நல்ல மொறதான் போ. நம்ம ஊர்ல அண்ணன்னு ஒரு வாட்டி கூப்பிட்டாச்சுன்னா அதோட கத முடிஞ்சுதுல்லா?”

“ஒரு சொல்ல ரெண்டு பேருக்கு வச்சிருக்காவ. செலவு மிச்சம்” என்றாள் மற்றவள்.

திரும்பவும் சிரிப்பு. ஆனால் தாவூது திரைச்சீலையை விட்டுவிட்டு முன்கட்டுக்குப் போன வேகத்தில் சிரிப்பு பாதியில் நின்றது. எந்தச் சொல்லுக்காக ஒரு மனிதன் கழுவாத காலோடு ஓடிவந்தான் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. அர்வாவுக்கும் தெரிந்தது. அன்றைக்கு மிச்ச நாடகத்தை அவள் தப்பும் தவறுமாகச் சொன்னாள். செத்துப்போன ஆளைக் கல்யாண வீட்டில் உட்காரவைத்தாள்.

மைதீன் பாத்திமா மட்டும் தலை நிமிராமல் இலை வெட்டிக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் அந்தச் சொல் யாருடையதாக இருந்தது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

இனி அந்தக் குரல் கேட்டால் திரும்புவதில்லை என்று தாவூது வைராக்கியம் வைத்துக்கொண்டான். அதற்காகப் பின்கட்டுப் பக்கம் வராமலும் இருக்க முடியவில்லை. எட்மாஸ்டர் என்ன ஆனார் என்று அவனுக்கும் தெரிய வேண்டியிருந்தது. நடைவாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, ரைஹானத்துக்குப் பூண்டு உரித்துக் கொடுப்பான். தம்மாமில் எட்டுப்பேர் இருந்த அறைக்குச் சமைத்தவன், உரிப்பதெல்லாம் அவனுக்குக் கைப்பழக்கம். காது மட்டும் உள்ளே இருக்கும். குட்டைப் பெண் எத்தனை ஓப்பா போட்டாலும் முதுகு அசையாது.

“தம்பி தேறிட்டாரு” என்றாள் மைதீன் பாத்திமா.

“நான் எங்க கேக்கேன் ராத்தா, பூண்டுல்லா உரிக்கேன்” என்பான்.

நாடகம் முடிகிற நாளும் வந்தது. நெட்டையன் வேறு ஊருக்குப் போகிறான், பேருந்து கிளம்பிவிட்டது, குட்டைப் பெண் ஒற்றைச் செருப்போடு பின்னால் ஓடுகிறாள். பெண்கள் நால்வரும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடுக்குச் சந்துப் பக்கத்துக் கதவைச் சாத்த அன்றைக்கு எல்லாரும் மறந்திருந்தார்கள். அந்த வழியாக ஓர் ஆடு பைய உள்ளே வந்தது. நனைத்துச் சாக்கில் விரித்திருந்த பீடி இலையில் வாயை வைத்தது.

முதலில் பார்த்தவள் அர்வா. நாலு பெண்கள் மடியிலும் தூள் நிறைந்த சுளகு. எழுந்தால் அத்தனையும் கொட்டிப்போகும். அவள் உட்கார்ந்திருந்ததோ குடத்துக்கும் சுவருக்கும் நடுவில். சும்மா இருந்த ஆள் நடைவாசலில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவன் ஒருத்தன்தான்.

“வாப்பா!”

அதே நேரத்தில் செல்போனிலும், “ஓப்பா!” என்று கேட்டது.

தாவூது பூண்டுப் பல்லை நகத்தால் கீறினான். கொரியாக்காரி கத்துகிறாள், கத்தட்டும்.

“வாப்பா! ஆடு!”

கொரியாவிலும் ஆட்டுக்கு ஆடுதான் போல என்று எண்ணிக்கொண்டான். அப்பாவுக்கு அப்பா என்றால் ஆட்டுக்கு ஆடாக இருக்கக்கூடாதா?

“வாப்பா! ஒங்களத்தான்! ஆடு எலயத் திங்கி, நீங்க பாட்டுக்கு உக்காந்திருக்கியளே!”

இந்தத் தடவை முதுகு திரும்பிற்று. அர்வா குடத்தைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள். செல்போன் கொட்டின தண்ணீரில் கவிழ்ந்து கிடந்தது. முகத்தில் அத்தனை கோபம். தலையும் காலும் உள்ள பேச்சு, பார்க்கிற திசையைத் தேட வேண்டாத பேச்சு.

தாவூது எழுந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். ஆடு ஆற அமர மென்றது.

“மச்சான், ஆட்டப் பாருங்க!” என்று ரைஹானத் அலறினாள்.

அவன் ஆட்டிடம் போய், அடிக்காமல், அதன் வாயோரத்தில் தொங்கின இலையை மெல்ல இழுத்து எடுத்தான். கழுத்தில் கைபோட்டு முடுக்கு வரைக்கும் கூட்டிப்போய் விட்டான். திரும்பி வரும்போது அர்வா நனைந்த செல்போனைத் தாவணியில் துடைத்துக்கொண்டிருந்தாள். தான் என்ன சொல்லிக் கூப்பிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்கு எட்டியது போலும். காதுமடல் சிவந்துபோயிருந்தது. ஆனாலும் முகத்தைத் திருப்பவில்லை.

“நெட்டையன் எறங்கினானா, போயிட்டானா?” என்று கேட்டான் தாவூது, வேறு என்ன கேட்பதென்று தெரியாமல்.

“போனு நனஞ்சிட்டு வாப்பா. நாளைக்குத்தான் தெரியும்.”

மைதீன் பாத்திமா சுளகில் கவிழ்ந்த முகத்தை எடுக்காமலே சொன்னாள்: “அந்தச் சொல்ல அவரு போறப்பக் கையோட கொண்டு போயிட்டாருன்னுல்லா நெனச்சேன். வீட்டுலதான் இருந்திருக்கு.”

மறுநாள் மத்தியானம் பீடி சுற்றச் சுளகுகளை எடுத்து வைத்துவிட்டு, ரைஹானத் நினைவாக முடுக்குக் கதவைச் சாத்தப் போனாள்.

“கெடக்கட்டும்ளா” என்றான் தாவூது. “தொறந்தே கெடக்கட்டும்.”